ஸ்விஃப்ட் காருக்கு ஆடியோ அப்கிரேடு: 45,000 ரூபாயில் எதை முதலில் செய்வது?

மஞ்சக்குப்பம்_31
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கணும், ஸ்டீரிங் பட்டன் வேலை செய்யணும், வயர் எதையும் வெட்டக் கூடாது. பட்ஜெட் 45,000. தினமும் கடலூர் – புதுவை ஓட்டம். கேட்பது பழைய திரைப்பாட்டு, நாதஸ்வரம், தவில், கொஞ்சம் புதுப் பாட்டு. வண்டி தெருவில்தான் நிற்கும்.

கடையில் கொடுத்த கொட்டேஷன் இது: நாலு கதவுக்கும் கோஆக்சியல் (ட்வீட்டர் எனும் மேல்ஒலிச் சின்ன ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்பீக்கர்), பின் தட்டில் 6x9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர், 12 அங்குல பேஸ் டியூப் (உருளைப் பெட்டியில் வரும் பேஸ் ஸ்பீக்கர்), "5000 வாட்" ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 1 ஃபாரட் கெபாசிட்டர். கதவு டேம்பிங் (தகடு அதிராமல் இருக்க ஷீட் ஒட்டுவது) பற்றிப் பேச்சே இல்லை. இப்படியே செய்யலாமா, இல்லை வரிசையை மாற்றணுமா?

புதுவை_வயரிங்
வரிசையை மாற்றுங்க தம்பி. முன் கதவு டேம்பிங் முதலில். அடுத்து முன்னால் ஒரு ஜோடி காம்போனென்ட் (ட்வீட்டர் தனியாக வரும் ஸ்பீக்கர் செட்), பிறகு 4 சேனல் ஆம்ப், கடைசியில் 10 அங்குல சப் (பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர்). பின் கதவில் கம்பெனி ஸ்பீக்கரே இருக்கட்டும், தொட வேண்டாம்.

அந்த 5000 வாட்டைச் சரிபார்க்க எளிய வழி இருக்கு. ஆம்ப் பக்கவாட்டில் செருகியிருக்கிற ஃபியூஸைப் பாருங்க. 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான் என்றால் அது இழுக்கக்கூடிய மின்சாரம் 30 x 13.8 = 414 வாட். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாக வெளியேறும். ஆக 220 – 230 வாட் ஆர்எம்எஸ்தான் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) அதன் உண்மையான தெம்பு. கிளாஸ் டி வகை என்றால் 330 வரை வரும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை நம்பி வாங்காதீங்க.

ஸ்டீரியோவுக்கும் இதே கதைதான். "50 x 4" என்று எழுதியிருந்தாலும் பேட்டரி 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான் சுத்தமாக வரும். அதற்கு மேல் திருகினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு ட்வீட்டர்தான் முதலில் எரியும்.

கெபாசிட்டர் வேண்டாம். 1 ஃபாரட், 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 2 கூலம், அதாவது 2 ஆம்பியர் ஒரு நொடிக்கு. ஆம்ப் 40 ஆம்பியர் கேட்டால் அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை நல்ல வயரில் போடுங்க.

தேவனாம்பட்டினம்_ஆடியோ
6x9 விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து சொல்றேன். பின்னால் குழந்தைகளும் பெரியவர்களும் உட்கார்ந்து போகிற வண்டி என்றால் அவர்களுக்கும் சத்தம் வேண்டாமா? 6x9 கோனின் பரப்பு 6.5 அங்குலத்தை விட அதிகம். சப் இல்லாமலே ஓரளவு பேஸ் கிடைக்கும்.

லாஸ்பேட்டை_டிஎஸ்பி
பேஸ் வரும் அண்ணா, ஆனால் ஸ்விஃப்டின் பின் தட்டு வெறும் மெல்லிய பலகை. கீழே டிக்கி திறந்தவெளி மாதிரி. தட்டு அதிரும், டிக்கிக் கதவு கடகடக்கும். அதோடு பாடகர் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். தவில் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் காதில் விழணும் என்றால் முன்மேடை, அதாவது பாட்டு எதிரில் மேடையிலிருந்து வருவது போன்ற உணர்வு, சரியாக இருக்கணும். பின்னால் உட்காருகிறவர்களுக்குக் கம்பெனி ஸ்பீக்கரை ஸ்டீரியோவிலேயே விட்டு, ஃபேடரை (முன், பின் சத்தத்தைப் பங்கிடும் அமைப்பு) முன்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

தேவனாம்பட்டினம்_ஆடியோ
தட்டு அதிரும் என்பது சரிதான். டேம்பிங் இல்லாமல் 6x9 போட வேண்டாம், ஒத்துக்கறேன்.

முதுநகர்_கதவு_மரவேலை
கதவு வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுதறேன். பணத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான், கடைகள் தவிர்ப்பதும் இதைத்தான்.

டிரிம்மை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றியதும் பிளாஸ்டிக் தாள் ஒன்று கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். அதுதான் மழைத்தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுக்கிறது. அதற்குப் பின்னால் உள் தகட்டில் கை நுழையும் அளவு பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் இந்த ஓட்டை வழியாகக் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். 10,000 ரூபாய் ஸ்பீக்கரிலும் பேஸ் வராததற்கு இதுவே காரணம்.

முதலில் வெளித் தகட்டின் உட்புறம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு உப்பும் தூசியும் போகத் துடைக்கணும், துணி வெள்ளையாக வரும் வரை. பிறகு 2 மி.மீ. பியூட்டைல் (ரப்பர் வகை) ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டுங்க. முழுப் பரப்பையும் மூட வேண்டாம், தகட்டின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு போதும், தட்டினால் "டங்" என்பது "தொப்" என்று மாறும். உருளையை அழுத்தி ஓட்டி, அலுமினியத் தாளின் புள்ளி வடிவம் தட்டையாகும் வரை தேய்க்கணும். விரலால் தடவி விட்டால் ஆறு மாதத்தில் ஓரம் கிளம்பும்.

அடுத்தது உள் தகட்டு ஓட்டை. பெரிய ஓட்டை மேல் பியூட்டைலை மட்டும் இழுத்து ஒட்டினால் அது தோல் மாதிரி அதிரும், வெயிலில் தொங்கும். போர்டு எழுதுகிற கடையில் ஏசிபி ஷீட் (இரு அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் உள்ள பலகை) துண்டு கிடைக்கும். ஓட்டையை விட 2 செ.மீ. பெரிதாக வெட்டி, ஓரத்தில் பியூட்டைல் டேப் வைத்துத் திருகுங்க. நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் அவிழ்க்கலாம்.

இரண்டு முன் கதவுக்கும் சேர்த்து 2 சதுர மீட்டர் வாங்கினால் தாராளம்.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வெட்டாதீங்க. கதவுக்குள் தண்ணீர் ஓடுகிற இடம் அது, ஒரே ஐப்பசியில் ஊறிப் பிஸ்கட் மாதிரி உதிரும். எச்டிபிஇ பலகை, அதாவது காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, 18 அல்லது 20 மி.மீ. கனத்தில் கிடைக்கும். ஜிக்சாவில் சுலபமாக வெட்டலாம், தண்ணீர் ஒன்றும் செய்யாது. மாட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தின் பின்பக்கம் இடிக்கிறதா பாருங்க. அது மறந்து போகிற விஷயம்.

மஞ்சக்குப்பம்_31
மிக்க நன்றி சார். பியூட்டைலுக்குப் பதில் தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்குது. கதவுக்கு மட்டும் அதைப் போடலாமா?

முதுநகர்_கதவு_மரவேலை
கதவுக்குக் கண்டிப்பாக வேண்டாம். தெருவில் மே மாத வெயிலில் நிற்கிற வண்டியின் வெளித் தகட்டில் கையை வைக்க முடியாது. தார் இளகி, மெதுவாகக் கீழே வழியும். அடியில் வடிகால் ஓட்டைகளை அடைக்கும், கண்ணாடி இறங்கும் தடத்தில் ஒட்டும். வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கி அடித்தையல் உள்ளிருந்து துரு பிடிக்கும். கடற்காற்று உப்பு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

புதுவை_வயரிங்
இப்போ வயரிங். 4 சேனல் ஆம்ப், சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் எடுத்துக்கலாம். 1, 2 முன் காம்போனென்ட்டுக்கு. 3, 4 பிரிட்ஜ் செய்து (இரண்டையும் ஒரே சேனலாக இணைத்து) சப்புக்கு, 150 வாட்டை ஒட்டி வரும். மொத்தம் 250. கிளாஸ் ஏபி என்றால் முழு வேகத்தில் 33 ஆம்பியர், கிளாஸ் டி என்றால் 23.

பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை 5 மீட்டர். 8 கேஜ் (வயரின் தடிமன் எண், எண் குறைந்தால் தடிமன் கூடும்) போட்டால் 33 ஆம்பியரில் மூன்றில் ஒரு வோல்ட் வயரிலேயே போகும். 4 கேஜ் போட்டால் 0.13 வோல்ட்தான். 4 கேஜே போடுங்க, பின்னால் மோனோ ஆம்ப் சேர்த்தாலும் மாற்ற வேண்டாம்.

வயர் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பார்த்து வாங்கணும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்க. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. விலை குறைவு என்பதை விட, நம்ம கடற்கரைக் காற்றில் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அருகே வெள்ளைப் பொடி பூத்து இணைப்பு சூடாகும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் அதற்கு முதலிடம். புதுவையில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கலாம்.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 செ.மீ.க்குள். 50 ஆம்பியர் போதும். அது ஆம்பைக் காப்பதற்கு இல்லை, வயர் எங்கேயாவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் இருக்க. ஆகவே ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்து வேலையை முடிக்க விடாதீங்க. இன்ஜின் சுவர் வழியாக வருகிற இடத்தில் ரப்பர் கிராமெட் (ஓட்டை ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) அவசியம்.

எர்த்: ஆம்பிலிருந்து அரை மீட்டருக்குள், கெட்டியான பாடித் தகட்டில். பெயின்டை எமரித்தாளில் தேய்த்துப் புது நாணயம் மாதிரி பளபளக்க வைக்கணும். பல் வாஷர், லக், போல்ட், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது பெயின்ட். தேய்த்துவிட்டு மூடாமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் அங்கே துரு வட்டம் வரும், சத்தத்தில் கரகரப்பு வரும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பவர்கள் இருக்காங்க. உயிர் காக்கிற போல்ட், அதைத் தொட வேண்டாம்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் நசுக்கி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். பிளையரால் நசுக்குவதும், முறுக்கி டேப் சுற்றுவதும் கூடாது.

சிக்னலுக்கு ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் வாங்கும் வசதி) உள்ள ஆம்ப் வாங்குங்க. ஸ்டீரியோ பின்னால் கம்பெனி கப்ளருக்கும் ஹார்னஸுக்கும் நடுவில் செருகும் டி ஹார்னஸ் கிடைக்குது, ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். முன் ஸ்பீக்கர் ஜோடியிலிருந்து சிக்னல் எடுங்க.

கதவுக்குப் புது வயர் இழுக்கணும் என்று சொல்வாங்க. 50 வாட்டுக்குத் தேவையில்லை. 4 ஓமில் 50 வாட் என்பது 3.5 ஆம்பியர். கம்பெனி வயர் 0.5 சதுர மி.மீ. என்றாலும் 2 மீட்டருக்குப் போகவர 0.14 ஓம், இழப்பு 0.3 டெசிபல்தான், காது உணராது. அதற்காகக் கதவு ரப்பர் பூட்டைக் கிழித்துத் தண்ணீர் வழி செய்து கொடுக்காதீங்க.

வில்லியனூர்_ரோடு
ஆம்பை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைக்கலாமா? வயர் தூரம் குறையுமே.

புதுவை_வயரிங்
தூரம் குறையும், ஆனால் நம்ம ஊருக்கு ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு புதுவைத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நின்றது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் எங்கெல்லாம் ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். தரை விரிப்பு நனைந்தாலே சீட்டடி ஆம்ப் போச்சு. பின் சீட் முதுகுப் பலகையில் மாட்டுங்க. டிக்கிப் பக்கம் பார்க்க, சுற்றி 5 செ.மீ. காற்றோட்டம் விட்டு. பாஸிவ் கிராஸ்ஓவரையும் (காம்போனென்ட் செட்டில் ட்வீட்டருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் சின்னப் பெட்டி) கதவுக்குள் வைக்காமல் டேஷ்போர்டு பக்கம் கொண்டு வந்துவிடுங்க.

முன் தூணில் ட்வீட்டர் வைப்பவர்களுக்கு ஒன்று: அந்த டிரிம்மில் ஏர்பேக் குறி இருந்தால் அங்கே ஆணி, திருகு, வயர் எதுவும் போகக் கூடாது. கண்ணாடி மூலையில் உள்ள முக்கோணப் பகுதியே பாதுகாப்பான இடம்.

மஞ்சக்குப்பம்_31
சப் பாக்ஸ் செய்து வாங்குவதா, ரெடிமேட் பேஸ் டியூபா? டிக்கி பாதியாவது மிச்சம் வேணும்.

முதுநகர்_கதவு_மரவேலை
நாதஸ்வரம், தவில் கேட்கிற காதுக்கு மூடிய பெட்டிதான். குழாய் வைத்த பெட்டி ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் குமுறும், தவில் அடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

10 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 17 – 23 லிட்டர் கேட்பாங்க, சப்புடன் வரும் தாளில் பார்த்து உறுதி செய்யுங்க. 18 மி.மீ. பலகையில் அளவு தரேன்:

முன், பின்: 39.6 x 33.6 செ.மீ., 2 துண்டு
மேல், கீழ்: 39.6 x 22 செ.மீ., 2 துண்டு
பக்கம்: 30 x 22 செ.மீ., 2 துண்டு

உள்ளளவு 36 x 30 x 22, அதாவது 23.8 லிட்டர். சப்பின் உடம்பும் உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டமும் கழித்தால் 21 லிட்டர் நிற்கும். வெளியே எடுத்துக்கொள்ளும் இடம் 34 லிட்டர். ஸ்விஃப்ட் டிக்கி 268 லிட்டர், ஆகவே பை வைக்க இடம் இருக்கு.

மரம்: எம்டிஎஃப் ஒலிக்கு நல்லதுதான், ஆனால் கடலோர ஈரத்தில் ஓரம் உப்பும், திருகு பிடி தளரும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்க. 303 என்று போட்டிருந்தால் அது வேறு தரம். மூட்டுக்கு மரப்பசை, 10 செ.மீ.க்கு ஒரு திருகு, உள்மூலைகளில் சிலிக்கான் ஓட்டணும். அசிட்டிக் வாடை அடிக்கிற சிலிக்கான் என்றால் இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் சப்பை மாட்டணும், அந்த ஆவி உலோகத்தைத் தின்னும். சோதிக்க: கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்க. நிதானமாக எழுந்தால் காற்று கசியவில்லை, சட்டென்று எழுந்தால் எங்கோ இடைவெளி இருக்கு.

லாஸ்பேட்டை_டிஎஸ்பி
சப் வாங்கும்போது வாய்ஸ் காயிலில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கவனம். பிரிட்ஜ் செய்த 4 சேனல் ஆம்ப் பெரும்பாலும் 4 ஓமுக்குக் குறைந்தால் தாங்காது. ஒற்றைக் காயில் 4 ஓம், இல்லை இரட்டைக் காயில் 2 + 2 ஓம் வாங்கி தொடராக இணைக்கணும். 4 + 4 இரட்டைக் காயிலை இணையாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், வால்யூம் ஏற்றியதும் ஆம்ப் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும்.

முடிந்தால் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) உள்ளேயே இருக்கிற ஆம்ப் வாங்குங்க. உங்க பட்ஜெட்டில் ஸ்பீக்கரில் ஒரு படி இறங்கியாவது அதற்கு வழி செய்யலாம். ஓட்டுநர் வலது ஓரத்தில் உட்காருகிற வண்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியும் காதுக்கு வரும் நேர வித்தியாசத்தைச் சரி செய்யாமல் எவ்வளவு விலை ஸ்பீக்கரும் வலது கதவிலிருந்து மட்டும்தான் பாடும்.

மஞ்சக்குப்பம்_31
டியூனிங் நானே செய்ய முடியுமா அண்ணா? ஆம்பில் உள்ள கெய்ன் (சிக்னல் அளவைச் சரிசெய்யும்) திருகியை எதை வைத்து முடிவு செய்வது?

லாஸ்பேட்டை_டிஎஸ்பி
தாராளமாக முடியும். மல்டிமீட்டர், அளவு டேப், பொறுமை. முதலில் கெய்ன்.

ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்யூ எல்லாம் பூஜ்ஜியம். ஆம்பில் கெய்ன் முழுக்கக் குறைவாக, பேஸ் பூஸ்ட் அணைத்து. ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்க. யூஎஸ்பியில் 0 டெசிபல் அளவில் பதிந்த சைன் டோன் போட்டு, வால்யூமை நான்கில் மூன்று பங்கு வையுங்க. மீட்டர் ஏசி வோல்ட்டில். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ட் கிடைக்கும். முன் சேனலுக்கு 50 x 4 = 200, வர்க்கமூலம் 14.1 வோல்ட். சப்புக்கு 150 x 4 = 600, அதாவது 24.5 வோல்ட். மீட்டரில் அந்த எண் வரும் வரை கெய்னைத் திருப்பி நிறுத்துங்க, அதோடு விட்டுவிடணும்.

இரண்டு இடத்தில் தவறு வரும். விலை குறைந்த மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் குறைத்துக் காட்டும், அதை நம்பிக் கெய்னை ஏற்றிவிடுவீங்க. முன் சேனலுக்கு 300 – 400 ஹெர்ட்ஸ் டோன், சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் பயன்படுத்துங்க. இன்னொன்று, ஃபில்டர் வெட்டுகிற இடத்தில் டோன் போட்டு அளக்காதீங்க.

ஃபில்டர்: முன்னால் ஹைபாஸ் (அதற்கு மேல் உள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோபாஸ் (கீழே உள்ளதை மட்டும் விடுவது) 80, இரண்டுக்கும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு. கதவு கடகடத்தால் முன் ஹைபாஸை 100க்கு ஏற்றலாம்.

நேரத் திருத்தம்: ஓட்டுநர் மூக்கிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடியுங்க. வலது 80, இடது 130, சப் 170 செ.மீ. என்று வைத்துக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு மில்லி நொடியில் 34.9 செ.மீ. போகும். தூரத்தில் இருப்பது சப், அதற்கு 0. இடது 40 செ.மீ. முன்னால் இருக்கு, 1.15 மில்லி நொடி தாமதம். வலது 90 செ.மீ., 2.58. போட்டதும் பாடகர் குரல் டேஷ்போர்டு நடுவுக்கு வந்து நிற்கும். சப் மட்டும் இன்னும் பின்னால் தெரிந்தால் அதன் முனைகளைத் தலைகீழாக மாற்றி, எதில் பேஸ் கனமாகிறதோ அதில் வையுங்க.

பாட்டு மூலமும் முக்கியம். பலமுறை சுருக்கிய எம்பி3யில் தவில் மேல்ஸ்தாயி கரகரக்கும், எந்த ஈக்யூவும் அதை மீட்காது.

வில்லியனூர்_ரோடு
இன்ஜின் ஆர்பிஎம் ஏற ஏற "ஊஊ" என்று ஒரு சத்தம் கூடவே ஏறினால்?

புதுவை_வயரிங்
அது ஆல்டர்னேட்டர் சத்தம். ஆம்பின் இன்புட் பிளக்கைக் கழற்றுங்க. சத்தம் நின்றால் சிக்னல் வழியாக வருது, நிற்காவிட்டால் ஆம்பின் எர்த். பத்தில் எட்டு முறை எர்த்தான். பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கம் என்று இழுத்திருந்தால் மீதியும் வராது. ஃபில்டர் டப்பா வாங்கிப் போடுவதற்கு முன்னால் எர்த் போல்ட்டை அவிழ்த்துப் பாருங்க.

மஞ்சக்குப்பம்_31
என் திட்டம்: இரண்டு முன் கதவு டேம்பிங், காம்போனென்ட், டிஎஸ்பி உள்ள 4 சேனல் ஆம்ப், 10 அங்குல 4 ஓம் சப், மரைன் பிளை பெட்டி, 4 கேஜ் செம்பு. எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்துவிடலாம் என்று இருக்கேன், ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரைப் பேட்டரி லைனிலேயே போடலாமா?

புதுவை_வயரிங்
இரண்டும் வேண்டாம். நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி கரன்ட் சென்சார் இருக்கிற வண்டியில் அந்த முனையிலேயே எர்த் கொடுத்தால், ஆம்ப் இழுக்கும் மின்சாரம் சென்சார் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். பாடியில் எர்த் கொடுத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

ரிமோட்டை நேர் லைனில் போட்டால் ஆம்ப் இரவும் பகலும் விழித்திருக்கும். சும்மா இருக்கும்போது 1 ஆம்பியர் குடித்தாலும் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றரை நாளில் காலி. சாவி திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஏசிசி ஃபியூஸிலிருந்து எடுங்க, 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து. ஆம்பிலேயே தானாக எழும் வசதி இருந்தால் இந்த வயரே வேண்டாம்.

புதிதாகச் சேர்த்த பொருட்களின் பில்லை வைத்து இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் அக்சசரி என்று தனியாக மதிப்புக் காட்டுங்க. காட்டாவிட்டால் வெள்ளத்திலோ திருட்டிலோ போனால் ஒன்றும் வராது.

முதுநகர்_கதவு_மரவேலை
கதவு டிரிம்மைத் திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கண்ணாடியை ஏற்றி, வெளிப்பக்க ரப்பர் ஓரமாக ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்க. கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாக ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் சொட்டணும். உள்பக்கம் ஏசிபி மூடியின் ஓரத்தில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் கிளிப்புகளை அழுத்தி மூடலாம். பழைய கிளிப்பில் காது உடைந்திருந்தால் புதிதாகப் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்க, ஒரு கிளிப் தளர்ந்தாலும் அந்தக் கதவு கடகடக்கும்.